ஒரே விலை

அன்ரனெற் கடைக்குள் வரும்போது கூட்டமும் அவளோடு வரும். அவள் போகும்போது கூட்டமும் போய்விடும். இடையில் கிடைக்கிற கொஞ்ச நேரம்தான் இராஜேஸ்வரிக்கு உரியது.

அதை நினைத்தால் இராஜேஸ்வரிக்கு வயிறு எரியும். அன்ரனெற்றை இந்த வேலைக்குக் கூட்டிக்கொண்டு வந்ததே அவள்தான்.

அந்தக் கடை எப்படிப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அது ஒரு பொய்க் கடை. ஒருகாலத்தில் மெய்யாகவே கடையாக இருந்து, பிறகு பொய்யாகிப்போன கடை. கனடா பிரித்தானியரின் ஆட்சியில் இருந்த 1860களில் ரொறன்ரோவை அடுத்த ஸ்காபரோப் பக்கமெல்லாம் கோதுமை வயல். நாற்சந்திக்கு நாற்சந்தி ஒரு சின்ன ஊர். ஊருக்கு ஒரு கடை, ஒரு சத்திரம், ஒரு கொல்லன் பட்டறை. அவற்றை இடித்துத் தெருக்களும் பிளாசாக்களும் வந்தபோது, பழசில் பிரியமுள்ள சிலர் மிஞ்சிய மரக் கட்டடங்களைப் பெயர்த்து லொறியில் ஏற்றி ஓரிடத்தில் கொண்டுவந்து நிறுத்தி, ஒரு கமக்கார ஊரைப்போல அடுக்கி வைத்தார்கள். கோடை முழுவதும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் குடும்பங்களும் வந்து பார்ப்பார்கள். உள்ளே வேலைசெய்கிறவர்கள் அந்தக் காலத்து உடுப்புப் போட்டு, அந்தக் காலத்து வேலையைச் செய்து காட்டுவார்கள்.

தரைவரை நீண்ட பாவாடையும், நாடிக்குக் கீழே முடிச்சுப் போட்ட துணித் தொப்பியுமாக ஒரு யாழ்ப்பாணத்துப் பெண் அங்கே நின்றது எப்படி என்று கேட்கிறவர்களுக்கு, மனேச்சர் எட்வேட் ஒரு பதில் வைத்திருந்தார். அந்தக் காலத்திலும் இங்கே கடை வைத்தவர்கள் கப்பலால் இறங்கி வந்தவர்கள்தானே என்பார். இராஜேஸ்வரி சுன்னாகத்துக் கூட்டுறவுச் சங்கக்கடையில் பல வருடம் நின்று அரிசியும் சீனியும் நிறுத்துக் கொடுத்தவள். ரொறன்ரோவுக்கு வந்த பிறகு ஒரு பக்ரறியில் ஷாம்பூப் போத்தல்களுக்கு மூடி திருகினாள். அங்கே இரண்டு வருடத்தில் அவளிடம் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. "கெதியா, கெதியா" என்றது மட்டும்தான். இங்கே வந்த முதல் நாள் ஒரு சிறுபெண் தராசைத் தொட்டு, இது எப்படி வேலைசெய்கிறது என்று கேட்டாள். இராஜேஸ்வரி சொல்லத் தொடங்கினாள். அந்தப் பிள்ளையின் தாய் வந்து கையைப் பிடித்து இழுக்கும்வரை நிறுத்தவில்லை. அன்றைக்கே தெரிந்துவிட்டது, தனக்கு வேண்டிய வேலை இதுதான் என்று.

அன்ரனெற் மன்னாரில் மாடுகளோடு வளர்ந்தவள். வெக்ஸ்போர்ட் பகுதியில் இராஜேஸ்வரி இருந்த அதே மாடிக் கட்டடத்தில் மூன்று தட்டுக் கீழே இருந்தாள். பஸ் தரிப்பில் நின்று, "ராஜியக்கா, எனக்கும் ஒரு வேலை இருந்தாச் சொல்லுங்கோவன்" என்று கேட்டவளை, இராஜேஸ்வரிதான் எட்வேட்டிடம் கூட்டிப்போனாள். அந்தப் பழைய ஊரின் பண்ணை வீட்டில் வெண்ணெய் கடைவதற்கு ஒரு கை தேவைப்பட்டது. அவ்வளவுதான். அந்தக் கை அப்படியொரு கையாக இருக்கும் என்று யார் கண்டார்கள்?

வெண்ணெய் கடைகிற பீப்பாய் ஒரு ஆள் இடுப்பளவு உயரம். மூடியின் நடுவில் ஒரு ஓட்டை, ஓட்டைக்குள்ளால் ஒரு தடி, தடியின் அடியில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு பலகைத் துண்டு. பாலாடையை உள்ளே விட்டு, தடியை மேலும் கீழும் குத்த வேண்டும். முதலில் சளக் சளக் என்று தண்ணீர்ச் சத்தம் வரும். பிறகு ஆடை நுரைத்துச் சத்தமே அடங்கிப்போகும். அந்த இடத்தில்தான் பழகாத கைகள் சலித்து விட்டுவிடும். அதைத் தாண்டிக் குத்தினால் திடீரென்று தொப் தொப் என்று கனத்த சத்தம். வெண்ணெய் திரண்டுவிட்டது என்று அர்த்தம். பிறகு மோரை வடித்து, குளிர்ந்த தண்ணீரில் கழுவி, தண்ணீர் கலங்காமல் வரும்வரை திரும்பத் திரும்பக் கழுவி, உப்புப் போட்டு, மரத் துடுப்புகளால் அமத்தி, கோதுமைக் கதிர் செதுக்கிய அச்சில் அடைப்பாள் அன்ரனெற். கதிரின் ஒவ்வொரு மணியும் தெரியும்படி வெண்ணெய் வெளியே வரும். அதை ஈரத் துணியில் பொதிந்து கூடையில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினால், பீப்பாயைச் சுற்றி நின்ற கூட்டம் அப்படியே பின்னால் வரும்.

கடைக்குள் வந்தால் இராஜேஸ்வரியின் பங்கு. வெண்ணெய்யைத் தராசில் வைப்பாள். சங்கக்கடையில் அரிசி மூட்டையில் குத்திப் பார்க்கிற குத்தூசி மாதிரி, நடுவில் குடைந்த ஒரு இரும்புக் கருவி இருந்தது. அதை வெண்ணெய்க்குள் செருகித் திருப்பி இழுத்தால் உள்ளே இருப்பது கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். அதை முகர்ந்து பார்ப்பாள். தேயிலையோ, சீனியோ, ஊசி நூலோ எடுத்து அன்ரனெற்றின் கூடையில் வைப்பாள். பிறகு கூட்டத்துக்கு விளக்குவாள். கமக்காரனின் கைக்குக் காசு வருவது வருடத்தில் ஒருமுறை, கோதுமை விற்றால்தான். மற்ற நாட்களில் வீடு ஓடியது பெண்கள் கடைக்குக் கொண்டுவந்த வெண்ணெய்யிலும் முட்டையிலும்தான். கடைக்காரன் அதைப் பெரிய மரத்தொட்டிகளில் அடைத்து நகரத்துக்கு அனுப்புவான். ஒருவர் கையிலும் காசைக் காணாமலே ஊர் முழுவதும் வியாபாரம் நடந்தது.

"அப்படியென்றால் நல்ல வெண்ணெய்க்குக் கூடின விலையா?" என்று யாராவது ஒரு பிள்ளை கேட்கும். இராஜேஸ்வரி காத்திருப்பது இந்தக் கேள்விக்குத்தான்.

"இல்லை. நல்லதுக்கும் கூடாததுக்கும் ஒரே விலை."

பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். அது அநியாயம் என்பார்கள். அப்போது அவள் மேசைக்கு மேலால் குனிந்து, இரகசியம் சொல்வதுபோலச் சொல்லுவாள். ஒரு பெண்ணின் முகத்துக்கு நேரே, உன்னுடைய வெண்ணெய் சரியில்லை என்று கடைக்காரன் சொன்னால் என்ன நடக்கும்? அடுத்த கிழமை அவள் வரமாட்டாள். அவளுடைய தங்கை வரமாட்டாள், மச்சாள் வரமாட்டாள். அறுவடை முடிந்து அவளுடைய புருசன் கோதுமை விற்ற காசையும் அடுத்த சந்தியில் இருக்கிற கடைக்குத்தான் கொண்டுபோவான். ஒரு வார்த்தையால் ஒரு வருடத்து வியாபாரம் போய்விடும். ஆகவே கடைக்காரன் முகர்வான், உள்ளுக்குள் முகம் சுளிப்பான், வெளியே சிரிப்பான், எல்லோருக்கும் ஒரே விலை கொடுப்பான்.

இந்தக் கதைக்கு ஒரு வால் இருக்கிறது என்று எட்வேட் ஒருமுறை சொல்லியிருந்தார். நல்ல வெண்ணெய் செய்த பெண்கள் எவ்வளவு காலத்துக்குத்தான் கூடாத வெண்ணெய்யின் விலையை வாங்கிக்கொண்டிருப்பார்கள்? அவர்கள் தங்கள் தங்கள் அச்சைப் பதித்து, ரொறன்ரோச் சந்தைக்கே நேரே கொண்டுபோய் விற்றார்கள். கடைக்காரனிடம் மிஞ்சியது கூடாத வெண்ணெய் மட்டும். அந்த வாலை இராஜேஸ்வரி பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. கடைக்காரனின் கெட்டித்தனம் பழுதாகிப்போகும்.

அவளுடைய விளக்கத்தை எல்லோரும் ரசித்தார்கள். அதிலே குறையில்லை. ஆனால் கமராக்கள் திரும்பியது அன்ரனெற்றின் பக்கம். ஒரு வார இதழ் கோடை விடுமுறைக்கான இடங்கள் என்று எழுதியபோது, வெண்ணெய்யை ஏந்திக்கொண்டு அன்ரனெற் சிரிக்கிற படம் பாதிப் பக்கத்துக்கு வந்தது. ஓரத்தில் தராசும் ஒரு முழங்கையும் தெரிந்தன. அந்த முழங்கை இராஜேஸ்வரியுடையது.

"முழங்கை நல்லா விழுந்திருக்கு" என்றார் அவளுடைய கணவர் பத்மநாதன், பேப்பரை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு. "இஞ்சேரும், உமக்குக் கொஞ்சம் லோஷன் வாங்கவேணும்."

பத்மநாதனுக்கு மிசிசாகாவில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற இடத்தில் வேலை. நாள் முழுவதும் மற்றவர்களுக்குச் சாப்பாடு அடுக்கிவிட்டு வருகிற மனிதனுக்கு வீட்டுச் சாப்பாட்டில் ஒரு தனிப் பிரியம். அங்கேதான் இராஜேஸ்வரிக்கு இன்னும் பெரிய வினை காத்திருந்தது.

செய்து காட்டுகிற வெண்ணெய்யைச் சனங்களுக்குச் சாப்பிடக் கொடுக்க முடியாது. சுகாதாரச் சட்டம் விடாது. பின்னேரம் குப்பைக்குப் போகவேண்டியதுதான். யாழ்ப்பாணத்தாள் ஒருத்தி வெண்ணெய் குப்பைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பாளா? எட்வேட்டிடம் கேட்டாள். உங்கள் பொறுப்பு என்று அவர் தோளைக் குலுக்கினார். அன்ரனெற்றும், "நீங்களே கொண்டுபோங்கோ அக்கா, எனக்கு மணம் பிடிச்சுப் பிடிச்சே வயிறு நிரம்பியிட்டுது" என்றுவிட்டாள். அன்று தொட்டு இராஜேஸ்வரி அதை வீட்டில் நெய்யாக உருக்கினாள். மெல்லிய நெருப்பில் வைத்தால் முதலில் வெண்நுரை பொங்கும். நுரையை ஒதுக்க, அடியில் பொன்னிறமாகத் தெளியும். உப்பும் கசடும் சட்டியின் அடியில் தங்கிவிடும். மோர் சரியாகக் கழுவப்படாத வெண்ணெய் என்றால் படபடவென்று வெடித்து, புளித்த வாடை அடிக்கும். அன்ரனெற்றின் வெண்ணெய் வெடித்ததே இல்லை. ஆறினால் மணல்மணலாக உறைந்து, மூடியைத் திறக்கவே கூடம் மணத்தது.

பத்மநாதன் பருப்பில் ஒரு கரண்டி விட்டுப் பிசைவார். வாயில் வைத்துவிட்டுக் கண்ணை மூடுவார். "நல்லாயிருக்கு" என்பார். இரண்டாம் கரண்டிக்குத் தட்டை நீட்டுவார். ஒருநாள் அதற்கும் மேலே போய்விட்டார்.

"அந்தப் பிள்ளையின்ர கைக்கு ஒரு வைரமோதிரம் போட்டாலும் தகும்."

"உருக்கினது நான்" என்றாள் இராஜேஸ்வரி.

"ஓம், ஓம். அடுப்பும் நல்ல அடுப்புத்தான்."

அன்றிரவு முழுவதும் அந்த வைரமோதிரம் அவளுடைய நெஞ்சில் உறுத்தியது.

செப்ரெம்பர் பிறந்ததும் எட்வேட் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். ஒக்ரோபரில் தாங்ஸ்கிவிங் விடுமுறையோடு ஊர் பூட்டப்படும். ஆனால் இந்த முறை பனிக்காலத்திலும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக வெண்ணெய் வியாபாரத்தை மட்டும் நடத்தப்போகிறோம். அதற்கு ஒரு ஆளைத்தான் வைத்திருக்கலாம். கடையில் ஒரு மின்சார ஹீற்றர் வைக்க யோசிக்கிறேன். யாரை வைப்பது என்பதை மாத முடிவில் சொல்லுவேன்.

இராஜேஸ்வரி உடனே கணக்குப் போட்டாள். கடையில் நடக்கிறதென்றால் கடைக்காரியைத்தான் வைக்க வேண்டும். ஆனால் கூட்டம் வருவது வெண்ணெய்க்காரியைப் பார்க்க என்றால்? தான் திரும்பவும் மூடி திருகப் போக வேண்டும். யாரும் ஒன்றும் கேட்காத அந்த மேசைக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். அன்ரனெற் இங்கே நின்று சிரித்துக்கொண்டிருப்பாள். வாய் திறந்து நாலு வார்த்தை விளக்கத் தெரியாதவள்!

அடுத்த சனிக்கிழமை எட்வேட் யாரோ நாலு பெரிய மனிதர்களைக் கூட்டிக்கொண்டு கடைக்குள் வந்து சுவரோரம் நின்றார். பின்னால் அன்ரனெற்றும் கூட்டமும். ஒரு குழந்தை அவளுடைய பாவாடையைப் பிடித்துக்கொண்டே வந்தது. "எவ்வளவு வடிவான வெண்ணெய்!" என்று ஒரு அம்மா சொன்னாள். பெரிய மனிதர்களில் ஒருவர் கமராவை எடுத்தார்.

இராஜேஸ்வரி கருவியைச் செருகித் திருப்பி இழுத்தாள். முகர்ந்தாள். நேற்று உருக்கிய நெய்யின் அதே மணம். குற்றம் சொல்ல ஒரு பொட்டுக்கூட இல்லை.

மூக்கைச் சுளித்தாள்.

"மோர் சரியாகப் போகவில்லை" என்று ஆங்கிலத்தில், எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். "இதைத் தேயிலைக்கோ சீனிக்கோ மாற்ற முடியாது. இந்த மாதிரி வெண்ணெய்யை அந்தக் காலத்தில் வண்டிச் சில்லுக்குப் பூசுகிற கிறீஸாகத்தான் எடுப்பார்கள்."

கூட்டம் சிரித்தது. பெரிய மனிதர்களும் சிரித்தார்கள். கமரா முதல்முறையாக இராஜேஸ்வரியின் பக்கம் திரும்பியது. அவளுக்கு உச்சி குளிர்ந்தது.

அன்ரனெற் சிரித்த முகம் மாறாமல் வெண்ணெய்யைத் தராசிலிருந்து எடுத்தாள். துணியில் பொதிந்தாள். மேசைக்கு மேலால் கொஞ்சம் குனிந்து, தமிழில் மெல்லச் சொன்னாள்.

"ராஜியக்கா, நேற்று உந்தக் கிறீஸிலையோ நெய் உருக்கினனீங்கள்? லிப்ற் எல்லாம் மணத்தது."

பிறகு கூடையைக் கையில் மாட்டிக்கொண்டு வெளியே போனாள். போனவள் பண்ணை வீட்டுக்குத் திரும்பவில்லை. தெருவைக் கடந்து எதிரே இருந்த சத்திரத்துக்குள் நுழைந்தாள். கூட்டம், பாவாடையைப் பிடித்த குழந்தை, கமரா, எட்வேட், பெரிய மனிதர்கள், எல்லோரும் தெருவைக் கடந்தார்கள். கடையில் மிஞ்சியது இராஜேஸ்வரியும் ஆடிக்கொண்டிருந்த தராசுத் தட்டும்.

சத்திரத்தில் வேரோனிக்கா இருந்தாள். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு சம்பளமில்லாமல் வந்து ரொட்டி சுட்டுக் காட்டுகிற வெள்ளைக்கார அம்மா. அவள் வெண்ணெய்யைக் கண்டதும் இரண்டு கையையும் விரித்தாளாம். மூக்குக்குக் கிட்டப் பிடித்து முகர்ந்து, "இது எனக்கு வேண்டும்" என்றாளாம். பதிலுக்கு ஒரு போத்தல் பழப்பாகு. எட்வேட் கைதட்டினாராம். எல்லாம் 'ஆம்' 'ஆம்' என்று கேள்விப்பட்டதுதான். இராஜேஸ்வரி எட்டிப் பார்க்கவில்லை.

அடுத்த நாளும் அன்ரனெற் நேரே சத்திரத்துக்குத்தான் போனாள். அதற்கு அடுத்த நாளும். கிழமை முடிவதற்குள், கடைக்கு முட்டை கொண்டுவந்து காட்டுகிறவளும் அங்கே போகத் தொடங்கினாள். சத்திரத்தில் பெரிய அடுப்படி, எரிகிற விறகு, ரொட்டி வாசனை. கம்பளி நூற்கிறவள்கூடத் தன்னுடைய இராட்டினத்தைத் தூக்கிக்கொண்டு போய் நெருப்புக்குப் பக்கத்தில் போட்டாள். கடைக்குள் ஒருவரும் வரவில்லை. ஒரு வார்த்தையால் ஒரு வருடத்து வியாபாரம் போய்விடும் என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பாள்! அப்படிச் சொன்ன வாய்தான் அந்த வார்த்தையையும் சொன்னது.

எட்வேட் மட்டும் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"ராஜி, அருமை! உண்மையில் நடந்த மாதிரியே செய்துவிட்டாய். முதலே சொல்லியிருந்தால் நானும் ஆயத்தமாக நின்றிருப்பேன்." கதவு நிலையில் சாய்ந்துகொண்டு தொடர்ந்தார். "அந்த ஹீற்றரும் இனித் தேவையில்லை. பனிக்காலத்தில் சத்திரத்திலேயே வைத்துக்கொள்ளலாம். அங்கே நெருப்பு இருக்கிறதுதானே."

அவர் போன பிறகு இராஜேஸ்வரி முக்காலியில் இருந்துவிட்டாள். இதைத்தான் செய்திருக்கிறாள். கடையில் நடக்கவேண்டியிருந்த வியாபாரத்தைத் தன் கையாலேயே தூக்கி அன்ரனெற்றின் பக்கம் கொடுத்திருக்கிறாள். சத்திரத்துக்கு எதற்குக் கடைக்காரி?

ஒரு கடைக்காரன் இப்படி மாட்டிக்கொண்டால் என்ன செய்திருப்பான் என்று யோசித்தாள். அது அவளுக்குத் தெரிந்த விடயம்தான். வெண்ணெய் தன்னிடம் வராவிட்டால், வண்டியைக் கட்டிக்கொண்டு வெண்ணெய் இருக்கிற இடத்துக்குப் போவான். ரோசம் பார்த்துக்கொண்டு கல்லாவில் குந்தியிருந்தவன் கடையைப் பூட்டினான்.

மத்தியானம் தராசை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தாள். சத்திரத்துக்குள் கூட்டம் நிறைந்திருந்தது. அன்ரனெற் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னக்கா, கடையைத் தூக்கிக்கொண்டு வந்திட்டியளோ?"

"கடையைத் தூக்கேலாது. தராசைத் தூக்கலாம். உதைக் கொஞ்சம் அரக்கும், இதை வைக்க."

அன்ரனெற் கூடையை ஓரமாக அரக்கினாள். இராஜேஸ்வரி நிறுத்தாள், கருவியைச் செருகினாள், முகர்ந்தாள். "முதல் தரம்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

முன்வரிசையில் நின்ற, முன்பும் வந்திருந்த ஒரு ஆசிரியை புருவத்தை உயர்த்தினாள். "போன சனிக்கிழமை கிறீஸ் என்றீர்களே?"

"போன சனிக்கிழமை கடைக்காரிக்கு மூக்கடைப்பு" என்றாள் இராஜேஸ்வரி. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"மூக்கடைப்பு இப்ப சுகமோ அக்கா?" என்று தமிழில் கேட்டாள் அன்ரனெற்.

"வந்து வந்து போகுது."

கூட்டம் கலைந்த பிறகு சத்திரத்தின் பின்புறத்தில் அன்ரனெற் மரத் துடுப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். இராஜேஸ்வரி பக்கத்தில் போய் நின்றாள். ஒரு துடுப்பை வாங்கித் துடைத்தாள்.

"நான் வின்ரருக்கு நிக்கேல்லை அக்கா" என்றாள் அன்ரனெற், திரும்பிப் பார்க்காமல்.

"என்ன?"

"வேரோனிக்காவின்ர மருமகன் மிசிசாகாவில பெரிய பேக்கரி வச்சிருக்கிறார். என்ர வெண்ணெயைக் கண்டிட்டு அவதான் போய்ச் சொல்லியிருக்கிறா. போய்க் கண்டனான். பேஸ்ற்றி செய்யிற பக்கத்தில என்னைப் போட்டிருக்கினம். முழுநேரம், பெனிஃபிற்ஸும் இருக்கு. தாங்ஸ்கிவிங் முடியத் தொடங்குறன்."

இராஜேஸ்வரி கையிலிருந்த துடுப்பைத் துடைத்துக்கொண்டே நின்றாள். அது எப்போதோ காய்ந்துவிட்டது.

"எட்வேட் என்னைத்தான் முதல் கேட்டவர்" என்று அன்ரனெற் தொடர்ந்தாள். "நான் சொன்னன், ராஜியக்காவைக் கேளுங்கோ, அவ நல்லா விளங்கப்படுத்துவா எண்டு. நீங்கள்தானே என்னை இஞ்ச கொண்டந்து விட்டனீங்கள்." துடுப்பை வாங்கிக் கூடைக்குள் வைத்தாள். "இன்னொண்டும் சொல்லவேணும். அண்டைக்கு நீங்கள் அப்பிடிச் சொல்லியிருக்காட்டி நான் சத்திரத்துக்குள்ள காலே வச்சிருக்கமாட்டன்."

அதை நன்றியாகச் சொன்னாளா, குத்திக் காட்டச் சொன்னாளா என்று முகத்தைப் பார்த்தாள் இராஜேஸ்வரி. படத்தில் இருந்த அதே சிரிப்பு. அதிலிருந்து ஒன்றும் பிடிபடவில்லை. நல்ல வெண்ணெய் செய்தவர்கள் தங்கள் அச்சோடு சந்தைக்குப் போனார்கள் என்று எட்வேட் சொன்ன அந்த வால்தான் ஞாபகத்துக்கு வந்தது. கடைக்காரன் ஏசினாலும் போவார்கள்; ஏசாவிட்டாலும் ஒருநாள் போவார்கள். போகிற இடம் நல்ல இடமாக இருக்கும். அதுதான் பொறுக்க முடியாமல் இருந்தது.

வேலை இராஜேஸ்வரிக்குக் கிடைத்தது. ஆசைப்பட்ட வேலை, அன்ரனெற் வேண்டாமென்று விட்ட வேலையாகக் கிடைத்தது. எட்வேட் ஒரேயொரு விடயம் சேர்த்துச் சொன்னார். ஒரு ஆள்தானே, இரண்டு வேடத்தையும் நீயே போட்டுவிடு. கடைந்தும் காட்டு, வாங்கியும் காட்டு.

நவம்பரில் முதல் வகுப்பு வந்தது. சத்திரத்து அடுப்பைச் சுற்றிப் பிள்ளைகள் குந்திக்கொண்டார்கள். இராஜேஸ்வரி பீப்பாயை அவர்களுக்கு நடுவில், நெருப்பு வெளிச்சத்தில் வைத்துக் கடைந்தாள். கடைந்துகொண்டே விளக்கினாள். பாலாடை குளிராக இருக்க வேண்டும், சூடு பட்டால் வெண்ணெய் திரளாமல் களிம்பாகிவிடும் என்று தன் வாயாலேயே சொன்னாள். அன்ரனெற் எப்போதும் பின் விறாந்தையில், காற்றுப் படுகிற இடத்தில் வைத்துத்தான் கடைந்தாள் என்பது அப்போதுதான் உறைத்தது. உறைத்தென்ன? நெருப்பை விட்டுத் தள்ளிப்போனால் பிள்ளைகளுக்குத் தெரியாது.

சத்தம் அடங்கிய இடத்தில் கை சலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு குத்தினாள். தொப் என்ற சத்தம் வரவேயில்லை. சேறு மிதிக்கிற மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது. கழுவுகிற தண்ணீர் கலங்கிக் கலங்கியே வந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று ஆசிரியை மணிக்கூட்டைப் பார்த்தாள். இராஜேஸ்வரி கழுவுவதை நிறுத்திவிட்டு அச்சில் அடைத்தாள். வெளியே வந்ததில் கதிரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

பண்ணைக்காரியின் ஏப்ரனைக் கழற்றிக் கடைக்காரியின் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு மேசையின் மற்றப் பக்கம் போனாள். பிள்ளைகளுக்கு அது பெரிய பகிடியாக இருந்தது. நிறுத்தாள். செருகி இழுத்து முகர்ந்தாள். புளித்த மோர்.

"நல்ல வெண்ணெய்யா?" என்று ஒரு பிள்ளை கேட்டது.

"எல்லாருக்கும் ஒரே விலை" என்றாள் இராஜேஸ்வரி.

அன்று பின்னேரம் வெக்ஸ்போர்ட் வீட்டில் சட்டியை அடுப்பில் வைத்தாள். வெண்ணெய் படபடவென்று வெடித்து அடுப்பெல்லாம் தெறித்தது. கசடு அடியில் பிடித்துக் கறுத்தது. வடித்து எடுத்த நெய்யில் ஆறிய பிறகும் மணலைக் காணவில்லை. மங்கலாக, எண்ணெய்போல நின்றது. மணம் லிப்ற் வரை போகாமலிருக்க யன்னலைத் திறந்துவிட்டாள். அன்ரனெற் இப்போது மிசிசாகாவிலிருந்து வேலை முடிந்து வருகிற நேரம்.

பத்மநாதன் பருப்பில் ஒரு கரண்டி விட்டுப் பிசைந்தார். வாயில் வைத்தார். கண்ணை மூடவில்லை. கொஞ்ச நேரம் மென்றார்.

"ஆரின்ர வெண்ணெய் இது?"

"என்ரதான்."

அவர் விழுங்கினார். தண்ணீர் எடுத்துக் குடித்தார். பிறகு அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"நல்லாயிருக்கு."

குரலில் ஒரு குறையும் இல்லை. அன்ரனெற்றின் வெண்ணெய்க்குக் கொடுத்த அதே வார்த்தை, அதே சிரிப்பு. இராஜேஸ்வரி கரண்டியை நெய்யில் தோய்த்து எடுத்தாள்.

"இன்னும் கொஞ்சம் விடட்டோ?"

"காணும், காணும்" என்று பத்மநாதன் தட்டைக் கையால் மூடிக்கொண்டார்.